கறவை நேரம்

ஏரிக்கரைப் புளியமரத்தடியில்
இடுப்புவரை மண்ணில் நிற்கிறான் ஒருவன்.
கையில் வில். காலடியில் நாய்.
பக்கத்தில் ஐந்து வரி எழுத்து.
அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு என்று இருக்கிறது.
மாடு கவர்ந்தவர்கள் எந்த ஊர் என்று இருக்கிறது.
நாய்க்குக்கூடப் பெயர் உண்டு, கரியன்.
தொறு மீட்டுப் பட்டான்.
அவன் பெண்சாதிக்கு மட்டும் இடமில்லை,
அடியில் ஒரு சாண் கல் சும்மா கிடந்தும்.

நான் எழுதிய நாடகத்திலும் அவள்
'பெண் ஒன்று'தான்.
ஓடி வரவேண்டும், மாரில் அடித்துக்கொள்ளவேண்டும்,
விளக்கு அணைகையில் விழவேண்டும்.
இரண்டு நிமிடம்.

ஒத்திகை காவேரிப்பட்டினத்தில்,
சீசன் முடிந்து காலியான மாங்காய் மண்டியில்.
வீரன் திம்மராயன், மினி லாரி ஓட்டுகிறவன்.
ஆநிரைக்கு நான்கு பேர், ஆளுக்கொரு கழுத்துமணி.
பெண் ஒன்று, முனிரத்னா.
மாங்கூழ் கம்பெனியில் கொட்டை பிரிக்கிறவள்.
நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.

மூன்று நாள் சொன்னபடி அழுதாள்.
நாலாம் நாள் நிப்பட்டைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:
"மாட்ட ஓட்டிட்டுப் போயி
எத்தினி நாள் கழிச்சு சார் மீட்டாங்க?"
கல்லில் இல்லை. இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.
"கன்னுக்குட்டிங்க?"
எனக்குப் புரியவில்லை.
"திருட வந்தவன் கன்னையுமா தூக்கிட்டு ஓடுவான்?
அதுங்க இங்கதான் கட்டிக் கெடந்திருக்கும்.
ரெண்டு நாள் கத்தியிருக்கும்.
அங்க மாட்டுக்கு மடி கல்லாட்டம் கட்டியிருக்கும்,
தொட்டா ஒதைக்கும்.
பொழுது சாயறப்ப மாடும் வருது, பொணமும் வருது.
அன்னிக்கு யாரு சார் கறந்தது?"

மண்டிக்குள் யாரும் மணியை ஆட்டவில்லை.

பர்கூரில் முதல் மேடை, பள்ளி மைதானம்.
திம்மராயன் செத்தான். நன்றாகவே செத்தான், கைதட்டு.
அவள் ஓடி வரவில்லை.
நடந்து வந்தாள். கிடந்தவனைப் பார்த்தாள்.
மணிச்சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.
முந்தானையை இழுத்துச் சொருகிக் குந்தினாள்.
இல்லாத மடிக்கு வெந்நீர் ஒற்றி
முதல் பீச்சைத் தரையில் விட்டாள்.
நாக்கை மடக்கி ஏதோ ஒரு சத்தம்.
என் பிரதியில் இல்லாதது,
எந்தப் பிரதியிலும் எழுத வராதது.

ஒரு மாடு முடிந்தது. நகர்ந்து உட்கார்ந்தாள்.
விளக்குப் பையன் என்னைப் பார்த்தான், அணைக்கவா?
எனக்குத் தலை அசையவில்லை.
செத்தவன் காதருகே கொசு.
முன்வரிசைத் தலைவர் செல்போனை எடுத்தார்.
மூன்றாவது மாட்டுக்குப் போகையில்
பெண்கள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல்:

"மொதல்ல கன்ன அவுத்து வுடுடி!"

முனிரத்னாவின் கை நின்றது.
நிமிர்ந்து இருட்டைப் பார்த்தாள்.
தப்பைத் தெரிந்துகொண்டவள்போல எழுந்தாள்.
காற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்தாள்.
அடுத்ததை.
மூன்றாவதையும்.
நாலாவது வரவில்லை,
குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்,
இழுக்கும்போதுதான் தோள் குலுங்கியது.

இரவு பதினொரு மணி.
வேஷம் கலைக்காமல் மினி லாரியில் ஏறப்போனவளிடம் சொன்னேன்,
அவளுக்கு ஒரு பெயர் வைக்கலாம், நீயே வை.
"வேணாம் சார்.
இப்ப வெச்சா அது நம்ம வெச்ச பேரு.
அவ பேரு அவ கூடவே போச்சு."
பிறகு திம்மராயனிடம்,
"சீக்கிரம் வுடுண்ணா. வீட்ல சினைமாடு,
இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

ஊத்தங்கரை ஆட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன்.
'பெண் ஒன்று' என்பதை அடித்துவிட்டு
அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

அச்சகத்திலிருந்து போன்.
சார், இங்க ஒரு பேரு வுட்டுப்போச்சு.
ஆமாங்க என்றேன்.