உயிருள்ள தடயம் இல்லை

"இல்லைன்னு போடு, எமிர்" என்றார்கள்.
முடிவெட்டும் கரோல் சொன்னாள், கத்தரியை நிறுத்தாமல்.
பள்ளி மினிபஸ்ஸை எனக்கு முந்தைய ஷிப்டில் ஓட்டும்
மெல்வினும் சொன்னான்:
முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, யாருக்குத் தெரியப்போகிறது.

எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா
என்று கேட்டது திரை.
ஆம். இல்லை. இரண்டு சின்ன வட்டங்கள்,
ஊதுலையின் பார்வைத் துளைகள் மாதிரி.
உள்ளே என்ன எரிகிறதென்று
நீலக் கண்ணாடி வழியே பார்த்துப் பழகியவன் நான்.
ஆம் என்பதை அழுத்தினேன்.

அதன்பின் எல்லாவற்றுக்கும் காசு.
விண்ணப்பத்துக்கு, சிரிக்கக்கூடாத புகைப்படத்துக்கு,
போலீஸ் சான்றிதழுக்கு.
பதினோராம் நாள் வந்தது அது:
பெயர், பிறந்த தேதி, போர்ட் டால்பட்,
கீழே ஒற்றை வரி.
உயிருள்ள தடயம் இல்லை.

சமையலறையில் நின்று மூன்று தடவை படித்தேன்.
கெட்டில் தானாக அணைந்தது.
தடயம் உண்டு, உயிர்தான் இல்லை என்கிறார்களா?
செத்ததை எங்கே வைத்திருக்கிறோம் என்று
சொல்லமாட்டோம் என்கிறார்களா?
கடைசி உலையை அணைத்த அன்று
மேலாளர் கொடுத்ததும் இதே கனத்தில் ஒரு தாள்தான்.

தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட்.
பிரெக்கனுக்கு மேலே ஆடு மேயும் ஒரு வெளி, மழை,
வேனுக்குள் நான்கு பேர், ஒரு தீப்பெட்டி.
அதில் குச்சிகளுக்குப் பதில்
பட்டாணி அளவு கஞ்சாப் பிசின்.
சேற்றில் சளக் சளக்கென்று வந்தது டார்ச் வெளிச்சம்.
தம்பி இவானின் சட்டைப்பையில்
மினசோட்டாக் கல்லூரியின் கடிதம்,
அதோடு ஒட்டிக்கொண்டு தீப்பெட்டி.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
என் கை போனது, எடுத்தது,
என் காலுறைக்குள் சொருகியது.
நாற்பது பவுண்டு அபராதம்.
அம்மா இரண்டு ஞாயிறு என்னிடம் பேசவில்லை.
இவான் விமானம் ஏறினான்.

இப்போது டுலூத்தில் படகுகளைப் பழுது பார்க்கிறான்.
இது அவனுக்கு மூன்றாவது கல்யாணம்.
முதல் இரண்டுக்கும்
முழங்கால் வலி, லீவு இல்லை என்று தட்டிக்கழித்தேன்.
"இதுக்காவது வா, இனிமேல் எனக்குத் தெம்பில்லை"
என்றான் போனில்.
தீப்பெட்டி பற்றி அவனும் கேட்டதில்லை.

லண்டனில் தூதரகத்தை ஒட்டித்
தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்கள்.
அதில் ஒரு வாத்து, எந்தத் தாளும் இல்லாமல்.

நின்றபடியே பேசும் சாளரம்.
பத்து விரலையும் கண்ணாடியில் பதித்தேன்.
கசடு தெறித்துச் சுட்ட இடது கட்டைவிரலை
மறுபடி வைக்கச் சொன்னது இயந்திரம்.
வலது கையை உயர்த்தி
உண்மையே சொல்வேன் என்றேன்.
அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும்,
எனக்கு மகள் இருந்திருந்தால்.

"யாருடையது அது?"
அவள் விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன.
ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள்.
எனக்கு ஒன்றே போதுமாயிருந்தது,
முப்பத்திரண்டு வருஷம் தேய்ந்து தேய்ந்து
உண்மை போலவே வழவழப்பாகிவிட்ட ஒன்று.
"என்னுடையது."

தட்டினாள். நெடுநேரம் தட்டினாள்.
ஒரு சொல்லுக்கு அவ்வளவு தட்டல் எதற்கோ.
பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு
ஒரு தாளை நீட்டினாள்:
மேலும் பரிசீலனை, ஆறு முதல் பத்து வாரம்.
கல்யாணம் ஏழாவது வாரத்தில்.

திரும்பும் ரயிலில், ஸ்விண்டன் தாண்டி,
இவானிடமிருந்து செய்தி: உன் கோட்டு அளவு?
நாற்பத்து நான்கு, என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் வயல்களைப் பார்த்துவிட்டு
இன்னொன்றும் அனுப்பினேன்:
காலுறை நானே கொண்டுவருகிறேன்.

அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள் துடித்தன,
நின்றன,
மறுபடி துடித்தன.
செவர்ன் ஆற்றுக்கு அடியே சுரங்கத்தில் நுழைந்தது ரயில்.
சிக்னல் போய்விட்டது.