வழக்குச் சொத்து எண் 47

அரசிதழ் வந்த ஒன்பதாம் நாள்
ப்ரே மாகாணக் கலால் அலுவலகத்துக்குக் காம்புன் வந்தாள்,
ஸ்கூட்டரை வேலியோர நிழலில் சாய்த்துவிட்டு.
உரிமப் படிவம் கேட்பாள் என்றிருந்தேன்.
"என் பானையைக் கொடுங்கள்."

எந்தப் பானை?

"யோம் ஆற்றங்கரை. மழை தொடங்கிய வாரம்.
நீங்கள்தான் உதைத்தீர்கள்.
இடது காலால்."

பதினொரு வருஷம்.
எந்தக் கால் என்பது வரை ஞாபகம்.

அறிக்கைகளில் நான் எழுதிய வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்:
ஊறல் கைப்பற்றப்பட்டு அவ்விடத்திலேயே அழிக்கப்பட்டது.
அழிப்பதென்றால் மண்ணில் கொட்டுவது.
ஒட்டரிசி புளித்த வாசம் காலுறையில் ஏறி
வீடுவரை கூட வரும்.
மனைவி எதுவும் கேட்கமாட்டாள்,
வாசலிலேயே கழற்றச் சொல்வாள்.
ஆய்வுக்கென்று ஒரு புட்டி எடுப்போம்,
ஆய்வகம் போய்ச் சேர்ந்தது அரைப் புட்டி.
அதை எங்கும் எழுதவில்லை.

கிடங்கைத் திறந்தேன்.
பல்லி எச்சம், ரப்பர் குழாய்கள், நசுங்கிய மூடிகள்.
நாற்பத்தேழில் காவலாளி
மிளகாய்ச் செடி வைத்திருந்தான்.
காய்த்தும் இருந்தது.

காம்புன் சிரிக்கவில்லை.
மண் சிந்தாமல் செடியை வேரோடு பெயர்த்து
என் மேசைமேல் வைத்தாள், கோப்புகளுக்கு நடுவே.
செம்பின் அடியை விரலால் சுண்டிக்
காதை வைத்துக் கேட்டாள்.
"விரிசல் இல்லை."

இனி நான் சட்டம் சொல்லவேண்டும்.
படிவம் பன்னிரண்டு பக்கம்,
கழிவுநீர்த் தொட்டியின் வரைபடம்,
பள்ளிக்கூடத்திலிருந்து தூரம்,
இயந்திரம் எத்தனை குதிரைத்திறன்...
"குதிரை ஏது? எருமைதான் இருக்கிறது.
அதுவும் அண்ணனுடையது."

முதல் வடியை என்ன செய்வாய் என்று கேட்டேன்.
படிவத்தில் இல்லாத கேள்வி.

"கொட்டிவிடுவேன். கண்ணைக் கெடுக்கும்.
அன்றும் தகர டப்பாவில் தனியாகத்தான் வைத்திருந்தேன்.
நீங்கள் அதை விட்டுவிட்டு
நல்லதைக் கொட்டினீர்கள்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வழக்குச் சொத்தைத் திருப்பித் தர
விதியில் வழி இல்லை. தடையும் இல்லை.
பெற்றுக்கொண்டவர் இடத்தில் அவள் கையெழுத்து,
ஒப்படைத்தவர் இடத்தில் என்னுடையது.
பொருளின் நிலை?
'சேதமுற்றது' என்று தொடங்கி, அடித்து,
'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன்.

பின்னிருக்கையில் பானையைக் கட்ட
ரப்பர் கயிறு போதவில்லை.
கிடங்கில் கிடந்த குழாயொன்றைக் கொடுத்தேன்,
எந்த வழக்குடையதோ.

மேசையில் செடி வாடத் தொடங்கிவிட்டது.
அதற்கு ஒரு பாத்திரம் தேடவேண்டும்.