நல்ல தெளிவு

குவைத்திலிருந்து தம்பி சந்தனம் அனுப்பிய
நீலப் பெட்டிப் படம்.
டிக்கோயாவில் எங்கள் லயத்து எட்டுக் காம்பராவும்
அன்றைக்கு எங்கள் காம்பராவில்.

டெக் அதை விழுங்கியது, இருமியது,
இரண்டு சுற்று சுற்றி
'நோ டிஸ்க்' என்றது.
வீட்டுக்காரர் துடைத்தார்:
சட்டையால், பஞ்சால்,
திருநீறு மட்டும்தான் பூசவில்லை.
நோ டிஸ்க்.
வாய் நிறையத் தட்டை வைத்துக்கொண்டே
இல்லை என்கிறது.

ஹட்டன் கடையில் ரிஸ்மி
சிரிக்காமல் சொன்னான்:
"தட்டிலும் பழுதில்லை, டெக்கிலும் பழுதில்லை அக்கா.
இது புளூரே. கோடெல்லாம் ரொம்பப் பொடிசு.
உங்க டெக்கின் சிவப்பு வெளிச்சம் தடிப்பு,
அதுக்குள்ள நுழையாது.
புது டெக் பழைய தட்டையும் வாசிக்கும்.
பழையது இதை வாசிக்காது."

விலை கேட்டேன்.
இரண்டு மாதக் கொழுந்து.
பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு பஸ் ஏறினேன்,
தட்டு கைப்பைக்குள்,
ஒரு கீறல்கூட இல்லாமல்.

ராத்திரி சந்தனம் போனில்:
"படம் எப்படி அக்கா?"
"நல்ல தெளிவு."
"கடைசியில வர்ற மழை?
ஒவ்வொரு துளியும் தெரியுமே, பார்த்தீங்களா?"

தகரத்தில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.
ஜன்னலைச் சாத்தாமல் சொன்னேன்:
"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்."