வெள்ளையனுக்கு எத்தனை எழுத்து

மார்கழிக் குளிரை மஃப்ளரில் சுற்றிக்கொண்டு
மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி
செவ்வாய்ப்பேட்டையில் என் கடைக்கு வந்தார்
மஞ்சக்குட்டை வெள்ளையன்.
கையில் வங்கி திருப்பியனுப்பிய தாள்.
"என் பேரு இல்லைங்கறாங்கம்மா."

காபிப் பழம் கொடுத்தவர்கள் பட்டியல், நான் அடித்தது.
நாற்பத்தியொரு பேர்.
திறந்தேன். பதினேழாவது வரியில் இருக்கிறார்,
மீசைதான் இல்லை.
"இருக்கீங்களே" என்றேன்.
"இங்க இருக்கறேன். அங்க இல்லீங்க."

இரண்டும் நிஜம் என்று புரிய
மதியம் ஆகிவிட்டது.

தேடும் பெட்டியில் அவர் பெயரை அடித்தேன்.
எதிரில் ஸ்டூலில் அவர். திரையில் அவர்.
கணினி சொன்னது:
பொருத்தம் எதுவும் இல்லை.

வங்கித் தாளை விரித்துக் காட்டினார்.
பெயருக்கு நடுவில் புள்ளிகளால் ஆன
ஒரு சின்ன வட்டம்,
உட்கார எழுத்தில்லாமல் அதன் மேல் ஒரு புள்ளி.
"பழத்துல வண்டு துளைச்ச மாதிரி இருக்குதுங்க."

அம்புக்குறிச் சாவியைத் தட்டித் தட்டி
அந்தப் பெயருக்குள் நடந்து பார்த்தேன்.
வெ, ள் என்று
இரண்டடி வைக்கவேண்டிய இடத்தை
ஒரே எட்டில் தாண்டியது.
ஐந்தெழுத்து மனிதர் என் கோப்பில் நாலெழுத்து.

பழைய எழுத்துருவில்
ளகரத்துக்கும் ஔகாரத்தின் வாலுக்கும் ஒரே சாவி.
கண்ணுக்குப் பேதமில்லை, அதனால் யாருக்கும் குறையில்லை.
பிறகு ஒருநாள் எல்லாவற்றையும்
புது எழுத்துக்கு மாற்றினேன், ஒரே சொடுக்கில்,
டீ ஆறுவதற்குள்.
கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துப் பார்த்த இயந்திரம்
இது ஔ என்று தானே முடிவு கட்டிவிட்டது.

கொலுசு பில்களைத் திறந்தேன்.
வௌ்ளி. வௌ்ளி. வௌ்ளி.
பதின்மூன்று வருஷமாக இந்தத் தெருவுக்கு
நான் எடைபோட்டு எழுதிக்கொடுத்ததில்
ஒரு கிராம்கூட வெள்ளி இல்லை.

அவசரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.
எங்கெல்லாம் ஔகாரமோ அங்கெல்லாம்
கொம்பும் ளகரமும் வை என்றேன்.
வைத்தது.
"அக்கா" என்றாள் பக்கத்து மேசையில் தௌலத்,
"சம்பளப் பட்டியல்ல என்னை யாரோ
தெளலத் ஆக்கிட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அவளே எழுந்து வந்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி,
சுண்டுவிரலால் திரையைத் தொட்டாள்.
"ஔகாரத்து மேல புள்ளி நிக்காதுக்கா.
கொக்கியும் மாட்டாது.
நின்னா அது ஔ இல்ல, ள.
அதை மட்டும் தேடுங்க.
என்னைய விட்டுருங்க."

நாற்பத்தியொரு பேரில் இரண்டு பேர் சிக்கினார்கள்.
பதினேழில் வெள்ளையன்.
முப்பத்திரண்டில் வெள்ளச்சி.

"அவங்களுக்கும் பணம் வரலையா?"
"வரலீங்க. ரெண்டு வருசமா."
"ஒருதடவைகூடக் கேக்கலையே?"
மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார்.
"பேரு இல்லைன்னாங்க.
இல்லபோலன்னு இருந்துட்டாங்க."

மின்விசிறி ஓடாத அந்த மாதத்தில்
எனக்கு வேர்த்தது.

புதிதாக அச்செடுத்தோம். எழுத்துருவையும் உள்ளே புதைத்து
படக்கோப்பாகவும் ஒன்று,
எந்தக் கணினிக்குப் போனாலும் முகம் மாறாதபடி.
தௌலத் தன் செல்போனில் திறந்தாள், சரி.
எதிர் ஜெராக்ஸ் கடையில் திறக்கச் சொன்னோம், சரி.

வெள்ளையனுக்கு அதெல்லாம் போதவில்லை.
தாளை வெயிலுக்குக் கொண்டுபோய்
ஒவ்வொரு பெயர் மேலும் கட்டைவிரலை வைத்து,
களத்தில் பழம் பொறுக்குகிற நிதானத்தில்,
நாற்பத்தியொன்றையும் பார்த்தார்.
எழுத்துக் கூட்டித்தான் படிப்பாராம்.
அதனால் ஓர் எழுத்தையும் விடவில்லை.

முப்பத்திரண்டில் விரல் நின்றது.
வெ. ள். ள. ச். சி.

"வண்டு இல்ல" என்றார்.
மூணே முக்கால் பஸ்ஸுக்கு
தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.