பிள்ளை மடுவத்துச் சாவி

பதினோரு நாள் எங்களுக்கு அரசாங்கம் இல்லை.
ரோட்டை மண் விழுங்கிய இரவிலேயே
டவரும் சாய்ந்தது.
துரை பங்களா அந்தப் பக்கம்,
பொலிஸ் அந்தப் பக்கம்,
கிராம சேவகரின் சீல் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு காம்பரா,
ஒரு பீலி,
திரும்ப முடியாமல் நின்ற லொறியில்
பதினேழு மூட்டை அரிசி.

பிள்ளை மடுவத்தில் ஏணைகளைக் கழற்றி
மூட்டைகளை அடுக்கினோம்.

முதல் மூன்று நாள்
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
"நான் இல்லாவிட்டால் நீங்கள்
ஒருத்தரை ஒருத்தர் தின்பீர்கள்" என்பார் கணக்கப்பிள்ளை.
நாங்கள் ரொட்டி தின்றோம்.

நான்காம் நாள் ஒரு மூட்டை குறைந்தது.
ஐந்தாம் நாள் செங்கோடன் கையில் கவ்வாத்துக் கத்தி.
ஓங்கவில்லை.
பிடித்திருந்தான், அவ்வளவுதான்.
ஆனால் பீலியடியில் குடங்கள் அன்று
பேச்சில்லாமல் நிறைந்தன.

அன்றிரவு கூடி, சாவியை என்னிடம் தந்தார்கள்.
நல்லவள் என்று யாரும் சொல்லவில்லை.
"பாக்கியசீலிக்கு இங்கே சொந்தக்காரர் கிடையாது,
எல்லோரோடும் சண்டை பிடித்தவள்" என்றாள் ஒச்சாயி.
சிரித்தார்கள். கை தூக்கினார்கள்.
செங்கோடன் தூக்கவில்லை.
"என்னைச் சேர்த்து எண்ணாதே."
அவன் பங்குக்கும் சேர்த்துத்தான் பூட்டினேன்.

அது இன்னும் உறுத்துகிறது.
சம்மதிக்காதவன் அரிசிக்கு
நான் போட்ட பூட்டு எந்த நியாயத்தில்?
என் அம்மா எந்த நாட்டுக்காரியும் இல்லை
என்று எழுதிய கடதாசிக்கும்
அவளை யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் கலைமதிக்குப் பிள்ளை பிறந்தது.
பதிவு இல்லை, இலக்கம் இல்லை.
நன்றாகவே அழுதான்.

ஆளுக்கு ஒரு சுண்டு.
எட்டாம் நாள் நான் வாசலுக்கு வந்ததும்
யாரும் சொல்லாமலே வரிசை நேரானது.
எனக்குப் பிடித்திருந்தது.
ஒன்பதாம் நாள் என் சுண்டை மட்டும்
வழித்துவிடாமல் குவித்து அளந்தேன்.
ஒரு கைப்பிடி இருக்கும்.
ஒச்சாயி பார்த்தாள்,
பிறகு கூரையைப் பார்த்தாள்.
மூட்டையை எடுத்தது யாரென்று
அதுவரை விசாரித்த நான்
அதற்குப் பிறகு விசாரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பெக்கோ வந்தது.
பின்னால் கிராம சேவகர்,
சப்பாத்து நிறைய மண்,
பொலித்தீன் உறைக்குள் படிவங்கள்.
"இங்கே பொறுப்பு யார்?"
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
செங்கோடன்கூட.
அவர் விரல் வைத்த இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
அட்டை இலக்கம் கேட்டார்.
சாவியைக் கேட்கவில்லை.

ஏணைகளைத் திரும்பக் கட்டிவிட்டோம்.
மடுவத்தில் பூட்டி வைக்க ஒன்றுமில்லை.
இது மூன்றாவது வாரம்.
சாவியைத் தா என்று யாரும் வரவில்லை,
நானும் போய்க் கொடுக்கவில்லை.
இடுப்பில்தான் கிடக்கிறது.
காலையில் பிரட்டுக்குப் போகையில்
ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர்
தேயிலைக்குள் ஒதுங்கி
வழி விடுகிறார்கள்.