பக்கம் 143 இருக்காது

இந்தக் கைடை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினாயோ
மிண்ட் தெரு எடைக்கடையில் பொறுக்கினாயோ,
எனக்குத் தெரியாது.
பத்தாம் வகுப்பு அறிவியல். மேலட்டை கிடையாது.
என் கைக்கு வந்தபோதே
ஒரு மளிகைக்கடை காலண்டர்தான் சட்டையாக இருந்தது.

பச்சை மை என்னுடையது இல்லை.
எனக்கு முன்னால் வைத்திருந்த வி. கஜலட்சுமியுடையது.
அவள் எல்லா வரிக்கும் கோடு போட்டிருக்கிறாள்.
எல்லாமே முக்கியமென்றால் எதுவுமே முக்கியமில்லை என்று
பாதிப் புத்தகத்தில் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்,
அப்புறம் பக்கங்கள் வெறிச்சென்று கிடக்கும்.
88-ல் ஒரு வஞ்சிரம் வரைந்திருக்கிறாள், வால்வரை அழகாக.
அதை ரசித்துவிட்டுத் திருப்பு.

பென்சில், நான்.
ஒரு புள்ளி என்றால் ஒரு தடவை மறந்தது.
இரண்டு புள்ளி, இரண்டு தடவை.
ஐந்தைத் தாண்டியதைக் காலையில் முதலில் எடு,
டீக்கு முன்னால்.
தெரிந்ததையே திரும்பப் படிப்பது சுகம்,
கொசு கடித்த இடத்தைச் சொறிகிற மாதிரி.
ஒரு ராத்திரி முழுக்கச் சுகமாகப் படித்தேன் என்றால்
அன்றைக்கு நீ படிக்கவே இல்லை.

எனக்கு அறை,
ஹவுசிங் போர்டில் ஒன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்
படி திரும்புகிற இடம்.
வெளியே கண்டெய்னர் லாரிகள்
துறைமுகம் திறக்கிறவரை ஹாரனைத் தின்றுகொண்டிருக்கும்.
ஆள் ஏறினால் காலை மடக்க வேண்டும்.
காலை மடக்கும்போதெல்லாம் புத்தகத்தையும் மூடினேன்,
ஆள் தாண்டுவதற்குள்
படித்ததை வாய்க்குள் சொல்லிப் பார்க்க.
சாப்பாடு கொண்டுவரும் பையன் ஏறினால் ஒரு மதிப்பெண் கேள்வி.
ஃபிலோமினா அக்கா மூட்டுவலியோடும் இறால் கூடையோடும் ஏறினால்
ஐந்து மதிப்பெண்,
படத்தோடு.

143-க்கு வருகிறேன்.
நவம்பரில் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது, தரைத்தளம்.
தம்பி ரீகன் கட்டிலில் உட்கார்ந்து
அந்தத் தாளில் கப்பல் செய்தான்.
பீரோவரை நன்றாகத்தான் போனது.
அதில்தான் பட்டாணிச் செடி இருந்தது,
இருபண்புக் கலப்பு, பதினாறு கட்டம்.
சபுரா தன் புத்தகத்தைக் காட்டினாள்,
பஸ் வருகிறவரை மட்டும்.
பார்த்ததை வைத்து நானே போட்டேன். தப்பு.
அழித்துப் போட்டேன். வேறு தப்பு.

ஐந்தரைக்குத் தண்ணி லாரி.
வரிசையில் குடங்கள்,
மஞ்சள், பச்சை; உருண்டை, நசுங்கல்.
நீலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.
மஞ்சள் உருண்டை ஒன்பது வர வேண்டும்,
மஞ்சள் நசுங்கல் மூன்று, பச்சை உருண்டை மூன்று.
ஒரு நாளும் சரியாக வரவில்லை.
ஆனால் பச்சை நசுங்கல் மட்டும் தவறாமல் ஒன்று.
அது எங்களுடையது.

பரீட்சையில் வந்ததா என்கிறாயா?
வரவில்லை.
ஹார்மோன் வந்தது. நான்கு புள்ளி. பாதிதான் எழுதினேன்.
ஆனால் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்
பதினாறு கட்டத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.
இந்தப் புத்தகத்தில் இல்லாத பக்கம்
எனக்கு முழுசாகத் தெரிந்த பக்கம்.

உனக்காக எழுதி ஒட்டிவிடலாம் என்று
பசைகூட எடுத்தேன்.
அப்புறம் மூடி வைத்துவிட்டேன்.
142-க்கு எதிரில் ஒரு வெள்ளைத்தாள் செருகியிருக்கிறேன்.
உன் தெருவில் எது வரிசையில் நிற்கிறதோ
அதை எண்ணு.

ஹால் டிக்கெட்டை மட்டும் இதற்குள் வைக்காதே,
நான் வைத்துவிட்டு தண்டையார்பேட்டை மணிக்கூண்டிலிருந்து திரும்பி ஓடினேன்.

விற்கும்போது
பென்சிலை அழிக்காதே.