இரண்டடிக்கு மூன்றடி

பத்து நாள் வேலை என்றார் ததேயு கொத்தனார்.
இன்று முப்பத்தி நான்கு.
கருங்கல் சந்தையில் வாங்கிய சாளையைக்
குளியலறையில் குந்தியிருந்து கழுவுகிறேன்.
செதிள் ஒன்று பறந்துபோய்
பல்துலக்கும் பிரஷ்ஷில் ஒட்டுகிறது.
யாருடையது என்று பார்க்காமல்
உதறி வைக்கிறேன்.

அடுக்களை இப்போது படுக்கையறையில்.
தையல் மெஷின் மேல் இண்டக்‌ஷன் அடுப்பு.
பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே மிளகாய்ப்பொடி.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்
பெல்சன் கைக்குட்டையை உதறியதும்
முன் பெஞ்சில் மூன்று பேர் தும்மினார்கள்.
ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

ஆஷ்மிக்கு இரண்டரை வயது.
உடைந்த டைல்ஸ் துண்டுகளைக்
கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்திருக்கிறாள்.
"சாந்து கொண்டா, வேகம் வேகம்" என்று
ஹாலில் நிற்கும் ஃபிரிட்ஜை அதட்டுகிறாள்.
ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு அடங்குகிறது.

ஜெஃபின் ஒன்றாம் வகுப்பு.
அவன் நோட்டில் சிவப்பு மையில்:
'சுத்தமாக வைத்திருக்கவும்.'
நானும் ஒரு டீச்சர்தான்.
இதே வரியை எத்தனை நோட்டில் எழுதியிருப்பேன்.
வாரியலும் கையுமாக நின்று
இரண்டு தடவை வாசித்தேன்.

இடவப்பாதி மழை.
மணல் லாரி முக்கு திரும்பாதாம்.
ஜன்னல் இருந்த இடத்தில் கட்டிய தார்ப்பாய்
ராத்திரி முழுக்கக் கைதட்டுகிறது.
ஆஷ்மியும் எழுந்து கைதட்டுகிறாள்.
மணி இரண்டு.

நேற்று ஜெஃபினை அடித்தேன்.
ஈரப் பூச்சில் குச்சியால்
தன் பேரின் முதல் எழுத்தை எழுதியிருந்தான்.
கொம்பு தப்பான பக்கம் இருந்தது.
அதற்காக அடிக்கவில்லை.
எதற்காக என்று
அடித்து முடித்த பிறகும் தெரியவில்லை.
"விடுங்க டீச்சரே, மேல டைல் வருமில்லா"
என்றார் ததேயு,
கரண்டியால் தடவி எழுத்தை அழித்தபடி.

ராத்திரி மீன் பொரித்தேன்.
அவன் கட்டிலில் சம்மணமிட்டு
தட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அழுத மூக்கு இன்னும் சிவந்திருந்தது.
"எம்மா," என்றான்,
"மீனப் போடும்போ
நீ கண்ண மூடுக."

எனக்கே தெரியாது.
எட்டு வருஷம் சுவரைப் பார்த்து நின்று சமைத்தேன்.
சுவருக்குத் தெரிந்திருக்கும்.
அதை இடித்தாயிற்று.

விடிந்ததும் கேட்டேன்:
மேடையைத் திருப்பிப் போட முடியுமா,
ஹாலைப் பார்த்து?
ததேயு காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
"அடுப்பு கிழக்க பாத்துல்லா இருக்கணும்."
நாம வேதக்காரங்க, என்றேன்.
"வேதக்காரங்களுக்கும்
சூரியன் கிழக்கதான் உதிக்கும் டீச்சரே."
பெல்சன் போனில் கணக்குப் போட்டார்:
கிரானைட் வெட்டியாச்சு, கேஸ் குழாய் பதிச்சாச்சு,
"ரப்பர் விக்கிற விலைக்கு..."
என்று தொடங்கியதை முடிக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தார்.
மறுபடி போனைப் பார்த்தார்.

பேரம் ஒரு வழியாகப் படிந்தது:
மேடை அங்கேயே இருக்கும்.
அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு,
இரண்டடிக்கு மூன்றடி.
தலையைத் திருப்பினால் ஹால் தெரியும்.
கழுத்து வலித்தால் என் பாடு.

மத்தியானம் வரை உளியும் சுத்தியலும்.
மேல் மூலை கோணலாக உடைந்தது,
பூசினால் சரியாகிவிடும் என்றார்கள்.
புழுதி இறங்குவதற்குள்
அந்தப் பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம்.
முதலில் ஜெஃபினின் நெற்றி,
பிறகு கண்கள், இமையெல்லாம் செங்கல் பொடி.
ஆஷ்மிக்கு எட்டவில்லை.
ஒரு கை மட்டும் மேலே வந்து
தடவித் தடவி
டைல்ஸ் துண்டொன்றை வைத்தது.

"மீனு," என்றது சுவருக்குக் கீழிருந்து ஒரு குரல்.
"பொரிச்சுத் தா."

பொறு, என்றேன்.
எண்ணெய் காயட்டும்.